வலப்பக்கம் நிற்பவர்

மேடையில் என் வலப்பக்கம் 18 ஆண்டுகள் ஒருவரே நின்றார். 1998 முதல் 2016 வரை. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் இடைப்பட்ட கிராமங்களில் மாசியில் தொடங்கி வைகாசி முடிய ஏதாவதொரு கோயிலில் திருவிழா நடந்துகொண்டே இருக்கும். தேர் நிலைக்கு வந்த இரவிலோ தீமிதி முடிந்த மறுநாளிலோ இன்னிசைக் கச்சேரி என்று ஒன்று வைப்பார்கள். அப்படிப்பட்ட மேடைகளுக்கென்றே ஏற்பட்ட குழு எங்களுடையது. சுவரொட்டியில் எங்கள் இருவர் பெயரும் ஒருபோதும் வந்ததில்லை. நான் முதல் கிதார், அவர் இரண்டாம் கிதார். இந்த வரிசை எப்படி ஏற்பட்டது என்று இருவருமே யோசித்ததில்லை.

பகலில் நான் முதுகலைத் தமிழ் மாணவன், பிறகு ஆய்வு மாணவன், பிறகு விரிவுரையாளன். அவர் நரசிங்கம்பேட்டைக்கு அருகில் பத்து மா நிலத்துக்கு உடையவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் ‘அண்ணே’ என்பேன். அவர் என்னை முதலில் ‘தம்பி’ என்று அழைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கல்லூரியில் வேலை கிடைத்த பிறகு, கேலியும் மரியாதையும் சரிபாதி கலந்து, ‘வாத்தியாரே’ என்றாகிவிட்டது.

2016 பங்குனியில், உளுந்து அடிக்கும் இயந்திரத்தின் பட்டையில் அவருடைய இடது கை சிக்கியது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்பு வயலின் ஈரத்திலேயே தெளித்துவிட்டு, நெல் போன பிறகு தானாக முளைத்து வரும் உளுந்து அது. எங்கள் பக்கத்தில் அதிகம் மெனக்கெடாமல் கிடைக்கும் கைக்காசு. மோதிர விரல் பாதியும் சுண்டு விரல் நுனியும் போயின. கிதாரில் கம்பியை அழுத்துவது இடது கை. அடுத்த வாரம் நாங்கள் ஒப்புக்கொண்டிருந்த கச்சேரியில் அவர் இடத்தில் கீபோர்டுக்காரர் எதையோ வாசித்துச் சமாளித்தார். அதற்குப் பின் ஓராண்டுக்குள் குழுவே கலைந்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு.

ஆறுதல் சொல்லும் அவசரத்தில் படித்தவர்கள் செய்யும் தவறு ஒன்றை நானும் செய்தேன். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்ற மேதை 1928-இல் தீ விபத்தில் இரு விரல்கள் முடங்கியும் எஞ்சிய விரல்களால் ஐரோப்பாவையே வியக்கவைத்தார். டோனி அயோமி தொழிற்சாலை விபத்தில் விரல்நுனிகளை இழந்து, தாமே செய்த செயற்கை நுனிகளை மாட்டிக்கொண்டு வாசித்தார் என்று மருத்துவமனைக் கட்டிலருகில் உட்கார்ந்து பாடமே எடுத்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டார். “அவங்களுக்கெல்லாம் நாத்தங்கால் வேலை கிடையாதுல்ல வாத்தியாரே” என்றார். அதோடு கிதாரைப் பற்றிய பேச்சு எங்களுக்குள் நின்றது. பரணில் ஏற்றிய கருவியை எட்டு ஆண்டுகள் அவர் இறக்கவில்லை.

2024 ஆவணியில் அவர் மகளுக்குத் திருமணம் என்று முடிவானது. பத்திரிகை கொடுக்க வந்தவர், வாசல்வரை போய்த் திரும்பி, “நம்ம கீரவாணியை வாசிக்கிறியா? பாப்பா கேக்குது” என்றார்.

கீரவாணியில் நாங்களே கட்டிய சிறு மெட்டு அது. பாடகர் தண்ணீர் குடிக்கவும், அறிவிப்பாளர் நன்கொடையாளர் பட்டியலை வாங்கிவரவும் தேவைப்படும் இடைவெளியை நிரப்பக் கட்டியது. நான்கு நிமிடம். முற்பாதியில் நான் தனியே வாசிப்பேன்; பிற்பாதியில் அவர் சேர்ந்துகொள்வார். நான் சட்ஜத்தில் நின்றால் அவர் காந்தாரத்தில், நான் ரிஷபத்துக்குப் போனால் அவர் மத்திமத்தில் என்று, மூன்றாம் சுர இடைவெளி விட்டு இரு கிதார்களும் கைகோத்து நடக்கும். இந்த உத்தி எங்களுடையது அன்று. ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிபோர்னியா’ 1976-இல் வந்தது. அதன் இறுதியில் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் இணைந்து வாசிப்பதை ஓர் ஒலிநாடாவில் தேயத்தேயக் கேட்டு, அந்தப் பைத்தியத்தில் கட்டியது.

தனிக் கிதாரில் முழு அழகோடு நிற்கும் இசை தமிழில் நிறைய இருக்கிறது. ‘மூடுபனி’யிலும் (1980) ‘பயணங்கள் முடிவதில்லை’யிலும் (1982) இளையராஜா ஒற்றைக் கிதாரை வைத்துச் செய்தவை போதாதா? எங்கள் மெட்டு அந்தத் தரம் அன்று. இரண்டாமவர் வரும்வரை அது வெறும் பயிற்சி. அவர் வந்து சேரும் நொடியில்தான் பாட்டாகும்.

ஆகவே, “ஒரு இயந்திரம் இருக்குண்ணே. நான் வாசிக்கிறதைக் கேட்டு ரெண்டாவது கிதாரை அதுவே வாசிக்கும்” என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அவருடைய தாத்தா ஒத்துக்காரர். நாகஸ்வரம் போன்ற வடிவில், விரல் வைக்கத் துளைகளே இல்லாத குழல் ஒத்து. அடிப்பக்கத் துளைகளில் மெழுகை அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். மூச்சு அறுபடாமல் உள்ளிழுத்துக்கொண்டே ஊதும் வித்தையைப் பழகி, முழுக்கச்சேரிக்கும் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்பவர் ஒத்துக்காரர். வாழ்நாள் முழுவதும் ஒரே சுரம்! துருத்தி வைத்த சுருதிப்பெட்டி வந்து ஒத்தைப் பல மேளங்களில் ஓரங்கட்டியது. பின்னர் மின்னணுச் சுருதிப்பெட்டி வந்து துருத்தியையும் ஓரங்கட்டியது. தாத்தா தம் கடைசி ஆண்டுகளில் திண்ணையில் உட்கார்ந்து, கைக்கடக்கமான அந்தப் பெட்டியின் குமிழைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

“தாத்தாவ ஒரு பொட்டி வூட்டுக்கு அனுப்பிச்சுது. எனக்கும் ஒண்ணு வருதா? வரட்டும்” என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு பின்வாங்கியிருக்க வேண்டும். எனக்கு அந்த விவேகம் இருக்கவில்லை.

ஒருவரே பலராக ஒலிக்கும் ஆசை பழையது. லெஸ் பால் என்ற அமெரிக்கர் 1948-இல் வெளியான ‘லவர்’ என்ற இசைத்தட்டில் எட்டுக் கிதார்ப் பகுதிகளையும் தாமே வாசித்தார். ஒன்றைத் தட்டில் பதிந்து, அதை ஒலிக்கவிட்டு அதன்மேல் அடுத்ததை வாசித்து, இரண்டையும் சேர்த்து மீண்டும் பதிந்து. குயீன் குழுவின் பிரையன் மே பின்னாளில் நாடாவில் கிதார்களை அடுக்கடுக்காகப் பதிந்து ஒரு வாத்தியக் கோஷ்டியையே உண்டாக்கினார். இவையெல்லாம் ஒருவர் பலமுறை வாசிப்பது. ஒருமுறை வாசித்ததை அந்தக் கணமே இன்னொரு சுரமாக்கித் தருவது வேறு. அந்தக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது ஈவென்டைட் நிறுவனம். 1975-இல், எச்910 என்ற பெயரில். ‘ஹார்மோனைசர்’ என்பது அவர்கள் சூட்டிய வணிகப்பெயர்தான், இன்று பொதுச்சொல்லாகிவிட்டது. ஸ்டூடியோக்களின் அலமாரிகளில் இருந்த அந்த வித்தை, அரை நூற்றாண்டில் காலால் மிதிக்கும் பெட்டிகளுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. நான் திருச்சியில் ஒருவரிடம் இரண்டாம் கையாக வாங்கிய பிராசஸர் சாப்பாட்டுத் தட்டு அகலம்தான் இருக்கும்.

முதல் நாள் அதில் மூன்றாம் சுரம் என்று வைத்துவிட்டு வாசித்தேன். காது கூசியது. காரணம் எளிது, இசை பயிலும் சிறுவனுக்கும் தெரிந்தது. மூன்றாம் சுரம் என்பது ஓர் அளவு அன்று, ஓர் உறவு. கீரவாணியில் சட்ஜத்திலிருந்து காந்தாரம் மூன்று அரைச்சுர தூரம். காந்தாரத்திலிருந்து பஞ்சமம் நான்கு. மத்திமத்திலிருந்து தைவதம் மூன்று. பஞ்சமத்திலிருந்து நிஷாதம் நான்கு. இயந்திரம் எல்லாவற்றுக்கும் ஒரே தூரத்தை அளந்து கொடுத்தால், பாதி நேரம் வேற்று ராகத்தில் நிற்கும். எண்பதுகளின் பிற்பகுதியில் வந்த கருவிகள் இதை அறிந்துகொண்டன. எந்த அளவுகோலில் வாசிக்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், வரும் சுரத்தைக் கண்டுபிடித்து, அதற்குரிய தூரத்தைக் கணக்கிட்டு நகர்த்தும். என் பெட்டியும் அதைச் செய்யும். ஆனால் அது அறிந்த ‘மைனர்’ அளவுகோலில் நிஷாதம் கைசிகி. கீரவாணிக்கு வேண்டியது காகலி. நான் பஞ்சமத்தைத் தொடும்போதெல்லாம் அது நடபைரவிக்குப் போய் நின்றது. பயனரே சுரங்களை இட்டு நிரப்பும் பட்டியல் ஒன்று பெட்டியின் ஆழத்தில் இருப்பதைக் கையேட்டில் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. தொல்காப்பிய உரைகளைப் படித்த பயிற்சி கையேட்டுக்கு உதவவில்லை.

தமிழாசிரியன் என்பதால் ஓர் இடைப்பிறவரல். சிலப்பதிகாரத்தின் பழைய உரைகளில் நரம்புகளுக்குள்ள உறவுகள் இணை, கிளை, நட்பு, பகை என்று வகுக்கப்பட்டிருக்கின்றன. நின்ற நரம்புக்கு நான்காவது நட்பு. ஐந்தாவது கிளை, அதாவது சுற்றம். மூன்றாவதும் ஆறாவதும் பகை! எண்ணும் முறையிலும் பொருத்தும் இடத்திலும் இசைத்தமிழ் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நான் அதற்குள் போகவில்லை. ஆனால் குரலுக்குக் கைக்கிளையும் விளரியும் பகை என்று வகுப்பில் பல ஆண்டு சொல்லிவிட்டு, மாலையில் போய் அதே மூன்றாம் இடைவெளியில் வாசித்துக் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறோமே என்று அப்போதுதான் உறைத்தது. அவரிடம் சொன்னபோது, “பகையாளியை மூணாவது வூட்டுல வச்சிருந்தாதான் ஊர் ஊரா இருக்கும்” என்றார்.

சுரம் சரியானது. ஆனாலும் இரண்டு கிதார் கேட்கவில்லை. ஏதோ ஒரு மின்விசைப் பலகை கேட்டது. ஏன் என்று தேடிப்போனதில்தான் ஆடியும் பாதி ஆவணியும் கழிந்தன.

முதலில் கண்டது டிஸ்டார்ஷனைப் பற்றியது. எங்கள் மெட்டு கரகரத்த மின்கிதார் ஒலிக்கானது. ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் அந்த அமைப்புக்குள் ஒரு சுரம் போனால் செழிப்பு. இரு சுரங்கள் சேர்ந்து போனால், இரண்டின் அதிர்வெண்களும் கூடியும் கழிந்தும் யாரும் வாசிக்காத ஒலிகள் பிறக்கும். நட்பும் கிளையும் ஆனால் பிழைத்துப்போகும். மூன்றாம் சுரமானால் உறுமும். கோயில் மரத்தில் கட்டிய ஒற்றைக் கூம்பு ஒலிபெருக்கியில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இருவருமே புரியாமல் போவார்களே, அதுபோல. ஆகவே கிதார் ஒலியை முதலிலேயே இரு பாதைகளாகப் பிரித்தேன். ஒன்று நேராக என் டிஸ்டார்ஷனுக்கு. மற்றொன்று தூய ஒலியாகவே ஹார்மோனைசருக்குப் போய், சுரம் மாறி, அதன்பின் வேறொரு டிஸ்டார்ஷனுக்கு. அதிலும் என்னுடையதைவிடக் கரகரப்பைக் குறைத்தேன். அவர் அப்படித்தான் வைப்பார். ஒலியை மேலே நகர்த்தும்போது கிதாரின் உடம்பு அதிர்வும் சேர்ந்து மேலேறிப் பொம்மைக்குரல் வருகிறது; அதை அடக்க அந்தப் பாதையில் மட்டும் உச்ச ஒலிகளைக் குறைத்தேன். இவ்வளவு செய்ததும் முதன்முறையாக அறையில் இன்னொருவர் இருப்பதுபோல் ஒரு சாயல். சாயல்தான்.

அடுத்தது சுருதி. இங்கே எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. தஞ்சையில் மருத்துவம் செய்துகொண்டே, 1912-இல் சங்கம் அமைத்து, தம் செலவில் இசை மாநாடுகள் கூட்டி, 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர். ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் என்ற கொள்கையை மறுத்து, சமமாகப் பகுக்கப்பட்ட பன்னிரண்டும் இருபத்துநான்கும் தமிழிசையின் அளவு என்று வாதிட்டவர் அவர். சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் என் பெட்டி பண்டிதர் கட்சி. அதன் பெரிய மூன்றாம் இடைவெளி சரியாக 400 சென்ட். இயற்கையாகக் காதுக்கு ஒட்டும் இடைவெளியோ 386 சென்ட் அளவில் இருக்கிறது. கிதாரின் மெட்டுக்கம்பிகளும் சமப்பகுப்புத்தான். தஞ்சாவூர் வீணையில் மெழுகில் பதிந்த மெட்டுகளைப் போல அவற்றை நகர்த்திச் சரிசெய்யவும் முடியாது. ஆயினும் மனிதன் வாசிக்கும்போது விரல் அழுத்தத்திலும் கம்பியை இழுப்பதிலும் சில சென்ட்கள் அப்படி இப்படி ஆகின்றன. காது கேட்டு விரல் திருத்திக்கொள்கிறது. நான் இயந்திரத்தைச் சற்றே கீழே இறக்கிப் பார்த்தேன். பெரிய மூன்றாம் இடைவெளிகள் இனித்தன. சிறிய இடைவெளிகள் கெட்டன, ஏனென்றால் அவற்றுக்கு வேண்டியது மேலே ஏறுவது. ஒரே குமிழால் இரண்டையும் திருத்த முடியாது. கடைசியில் ஐந்து சென்ட் இறக்கத்தில் சமாதானம் ஆனேன்.

உண்மையான சிக்கல் ஒற்றுமையில் இருந்தது. நான் கம்பியை ஆட்டி நடுக்கம் கொடுத்தால், அதே நொடியில் அதே வேகத்தில் இரண்டாவதும் நடுங்குகிறது. நான் அழுத்தி மீட்டினால் அதுவும் அழுத்துகிறது. இருவர் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி தலையாட்டுவதைப் பார்த்தால் நமக்குச் சந்தேகம் வருமா வராதா? திருவீழிமிழலை சகோதரர்கள் இரட்டை நாகஸ்வரத்தை நிலைநிறுத்தி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த மரபில் இருவரும் வாசிப்பது ஒரே சுரம். மூன்றாம் சுரமெல்லாம் கிடையாது. ஆனால் நன்றாக வாசிக்கும் எந்த இணையைக் கேட்டாலும் இருவர் என்று தெரிகிறது. நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளைப் பிரித்த ஆச்சா மரத்தைக் கடைந்து இரண்டு குழல் செய்தால், ஒரே தச்சர், ஒரே உத்தரம், ஆனாலும் இரண்டும் ஒன்றாகப் பேசாது. சீவாளி நாணல் வேறு, உதடு வேறு, மூச்சு முடியும் இடம் வேறு. அந்தச் சிறு பிணக்கில்தான் தெரு நிறைகிறது.

ஆகவே பிணக்கைத் தயாரிக்க முனைந்தேன். இரண்டாம் பாதையில் மிக மெல்லிய, மெதுவான ஓர் அலைவைச் சேர்த்தேன். ஒலியின் தொடக்க அடியைச் சற்று மழுக்கினேன். முக்கியமாக, டிலே என்ற அமைப்பால் அதை 25 மில்லிநொடி தாமதப்படுத்தினேன். ஒலி 20 மில்லிநொடியில் ஏறத்தாழ ஏழு மீட்டர் போகும். பெரிய மேடையின் மறுகோடியில் நிற்பவர் அவ்வளவு தாமதமாகத்தான் நம் காதுக்கு வருவார். மாறாத தாமதமும் பொய்தான் என்று கண்டு, அந்த எண்ணும் மெல்ல ஏறி இறங்குமாறு செய்தேன். ஒன்றை இடப்பக்கப் பெட்டிக்கும் மற்றொன்றை வலப்பக்கப் பெட்டிக்கும் அனுப்பலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டில் பிரமாதமாக இருந்தது. நம் கல்யாண மண்டபங்களில் இரு பக்கமும் ஒரே ஒலியைத்தான் விடுவார்கள் என்பதால் கைவிட்டேன்.

ஓரிடம் மட்டும் கடைசிவரை வசப்படவில்லை. பிற்பாதியில் நான் பஞ்சமத்திலிருந்து மத்திமத்துக்கு இழைந்து இறங்குவேன். இயந்திரம் என்னோடு இழையாது. சுரத்துக்குச் சுரம் படிக்கட்டில் குதிப்பதுபோல் விக்கும். அவர் அந்த இடத்தில் என்ன செய்வார் என்று நினைவுகூர்ந்தேன். அவர் இறங்கவே மாட்டார். நான் வளையும்போது அவர் தன் நிஷாதத்திலேயே அசையாமல் நிற்பார்; நான் வந்து சேர்ந்த பிறகு நிதானமாகத் தைவதத்துக்கு மாறுவார். ஒத்துக்காரர் பேரன். பதினெட்டு ஆண்டுகள் அருகில் நின்று வாசித்தவன் இதை இப்போதுதான் கவனிக்கிறேன். எனக்கு வேறு வழி தெரியாததால் அந்த இழைவையே எடுத்துவிட்டு இரண்டு தனிச் சுரங்களாக வாசித்தேன்.

திருமணத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்பு அவரை வீட்டுக்கு அழைத்தேன். மாடி அறையில் பாயில் உட்கார்ந்து, இடது கையை மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், “யாரு இது?” என்றார்.

“நீங்கதாண்ணே.”

“நான் எப்ப இவ்வளவு ஒழுங்கா வாசிச்சேன்?” என்றார். பிறகு, சற்று யோசித்து, “அதுவும் இல்ல வாத்தியாரே. இவன் உன் பின்னாடியே வர்றான். நான் எப்ப உன் பின்னாடி வந்தேன்?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் போனபின், 2003-இல் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்காரர் பதிந்து கொடுத்த ஒலிநாடாவைத் தேடி எடுத்தேன். ஏற்கெனவே கணினியில் ஏற்றி வைத்திருந்தேன், கேட்டதில்லை. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பிற்பாதியை ஒவ்வொரு சுரமாகப் பார்த்தேன். இரு கிதார்களின் மீட்டல் தொடக்கங்கள் பல இடங்களில் தனித்தனியே தெரிந்தன. முந்தி வருவது அவர். ஓரிரு இடங்களில் அல்ல. எடுப்பாகத் தெரிந்த இடங்களில் பெரும்பாலானவற்றில் இருபது, முப்பது மில்லிநொடி முன்னால் அவர் சுரம் விழுகிறது. அதன்மேல் என் சுரம் வந்து அமர்கிறது. நான் முதல் கிதார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வழி நான் காட்டுகிறேன், அவர் துணை வருகிறார் என்று. அவர் ஒவ்வொரு முறையும் முன்னே போய் ஒரு கல்லை வைத்திருக்கிறார். நான் அதன்மேல் கால்வைத்து ஏறியிருக்கிறேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வெட்கம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

இனி இயந்திரத்தை முந்தவைக்க வேண்டும். அது நடவாத காரியம். நான் வாசிக்காத சுரத்தை அது எங்கிருந்து கேட்கும்? கேட்ட பின்னும் சுரத்தை அடையாளம் காண அதற்கு நேரம் வேண்டும். கிதாரின் தடித்த கம்பி நொடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது. ஓர் அதிர்வு முடியவே 12 மில்லிநொடி. எதையும் தாமதமாக மட்டுமே செய்யக்கூடிய பெட்டியை வைத்துக்கொண்டு, எப்போதும் முந்துகிற மனிதரை எப்படிச் செய்வது?

இரண்டு நாள் கழித்து, பிற்பகல் வகுப்பில் நன்னூல் நடத்திக்கொண்டிருக்கையில் விடை தோன்றியது. தாமதப்பட வேண்டியவன் நான். டிலேயை அவர் பாதையிலிருந்து எடுத்து என் பாதையில் வைத்தேன். நேரொலியே இல்லாமல், தாமதித்த ஒலி மட்டும் வெளிவருமாறு. இயந்திரத்தின் இயல்பான தயக்கம் சுமார் 15 மில்லிநொடி என்று கொண்டு, என்னை 40-இல் நிறுத்தினேன். இப்போது அவர் சுரம் என்னைவிட 25 மில்லிநொடி முந்தி விழுந்தது. ஒலி மாறிப்போனது. வேறொன்றையும் தொடவில்லை, அதே சுரங்கள், அதே டிஸ்டார்ஷன். ஆனால் அறையில் இருவர் இருந்தார்கள்.

கேட்பவருக்குத்தான் அது சுகம். வாசிப்பவனுக்கு நரகம். விரல் கம்பியைத் தொட்டுவிட்டது, ஒலி இன்னும் வரவில்லை. வெளிநாட்டுத் தொலைபேசியில் நம் குரலே நமக்குத் திரும்பி வந்து நாக்கைப் பின்னுமே, அந்த அவஸ்தை. தாளம் தள்ளாடியது. என் ஒலியைக் காதால் தேடுவதை விட்டுவிட்டு, முந்தி வரும் அவர் சுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போகப் பழகினேன். எட்டு நாட்கள். மனைவி மாடிக்கதவைச் சாத்திவைத்தாள்.

இரண்டாம் முறை அவர் வந்து கேட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு குனிந்து பெட்டியைப் பார்த்தார். “இதை எப்ப உள்ள வரவைக்கிற?” ஹார்மோனைசரை இயக்கும் மிதி ஒன்று இருப்பதையும், பிற்பாதி தொடங்கும்போது நானே காலால் அழுத்துவதையும் காட்டினேன். “நீ ஏன் அழுத்துற? அது என் இடம்ல?” என்றார். செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு வந்திருந்த வலது காலால் அதைத் தொட்டுப்பார்த்தார். அழுத்தினால் அவர் உண்டு. இன்னொரு முறை அழுத்தினால் இல்லை. அந்த இழைவு வரும் இடத்தில் அவர் காலை வைத்துத் தம் ஒலியை நிறுத்திக்கொண்டார். நான் பழையபடி பஞ்சமத்திலிருந்து வளைந்து இறங்கினேன், தனியாக. மத்திமத்தில் சேர்ந்ததும் மீண்டும் மிதித்து உள்ளே வந்தார். அவர் முன்பு அசையாமல் நின்ற இடத்தில் இப்போது மௌனமாக நின்றார். அது முன்பிருந்ததுபோல் இல்லை. வேறு மாதிரி நன்றாக இருந்தது.

கும்பகோணத்தில் மண்டபம். முதல்நாள் மாலை வரவேற்பு. நாகஸ்வரக்காரர்கள் இருவரும் ஒரு சுற்று முடித்து இளைப்பாற உட்கார்ந்தபோது எங்களை அழைத்தார்கள். பெண்ணின் தகப்பனார் பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலுடன் என் வலப்பக்கம் வந்து நின்றார். பரணிலிருந்து இறக்கிய கிதாரைத் தோளில் மாட்டிக்கொள்ளட்டும் என்று மகள் சொல்லியிருந்தாள் போலும். மாட்டியிருந்தார், கம்பிகள் துருப்பிடித்திருந்தன. யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. முற்பாதியை நான் வாசித்தேன். கடைசி ஆவர்த்தனம் ஓடிக்கொண்டிருந்தது. பிற்பாதிக்கு இன்னும் ஒரு தட்டு இருக்கையில், அதற்குள்ளாகவே, அவர் மிதித்துவிட்டார்.